சின்சே கேட்ட கேள்வி: "போர்த்திக்கொண்டால் குளிர் போகிறதா?"

தேக்கா வாசி:
வியாழக்கிழமை சாயங்காலம் தொண்டை கரகரப்பு, 37.9 காய்ச்சல். பஸ் ஏசியில் முதுகு லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். வீட்டு வழக்கப்படி சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடித்தேன். காலையில் தொண்டை இன்னும் எரிச்சல். புளோக்குக்குக் கீழே இருக்கிற சின்சேயிடம் (சீன வைத்தியர்) போனேன். காய்ச்சலைப் பற்றி அரை நிமிடம்தான் கேட்டார், குளிரைப் பற்றி ஐந்து நிமிடம்! நடுக்கமா, லேசாகவா? வியர்த்ததா? போர்த்தினால் போகிறதா? நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார். "வெய் வூ ஹான்" என்று எழுதிக்கொண்டு, சுக்கை நிறுத்தச் சொல்லி, யின் சியாவ் தூள் கொடுத்தார். சளிக்குச் சுக்கு வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். ஒரு சின்னச் சிலிர்ப்புக்கு இவ்வளவு விசாரணையா?

பாதியில் நின்ற மாணவி:
விசாரணையே அதற்குத்தான் அக்கா. இரண்டு வருடம் மாலை வகுப்பில் சீன வைத்தியம் படித்தேன், முடிக்கவில்லை. வெய் = லேசான, வூ = வெறுத்தல், ஹான் = குளிர். தோலைச் சூடாக வைத்துக் காவல் காக்கும் 'வெய் ச்சி' என்ற சக்தியை (இந்த வெய் வேறு சொல்) வெளியிலிருந்து வந்த நோய் மறித்தால் குளிரும் என்பது அவர்கள் கணக்கு. கொஞ்சமாவது குளிர் இருந்தால் நோய் இன்னும் மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

குளிர் தூக்கலாகவும் காய்ச்சல் குறைவாகவும் இருந்து, வியர்வை இல்லாமல், மூக்கில் தண்ணீராக ஒழுகினால் 'காற்று-குளிர்'. அதற்கு இஞ்சி சரி. உங்களுக்குக் காய்ச்சல் தூக்கல், குளிர் லேசு, தொண்டை எரிச்சல். அது 'காற்று-வெப்பம்'. சூட்டுக்கு மேல் சூடு ஏற்றினீர்கள்! யின் சியாவில் ஹனிசக்கிள் பூ, ஃபோர்சித்தியா காய், புதினா எல்லாம் குளிர்ச்சிச் சரக்கு. வூ ஜூதோங் என்ற சீன வைத்தியர் 1798-இல் எழுதிய நூலில் உள்ள மருந்து.

32 டிகிரியில் சாக்ஸ்:
என் வீட்டுக்காரர் மதியத்திலும் சாக்ஸ் போடுகிறார். இதுவும் வெய் வூ ஹான்தானா?

பாதியில் நின்ற மாணவி:
இல்லை, அது 'வெய் ஹான்', குளிருக்குப் பயம். இந்த வெய்க்குத் தொனி வேறு, எழுத்தும் வேறு. (பரீட்சையில் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவள் நான்.) போர்த்தினால் அது அடங்கும், வூ ஹான் அடங்காது. சின்சே போர்வையைக் கேட்டது அதனால்தான். நாள்பட்ட குளிருக்கு 'யாங்', அதாவது உடம்பைச் சூடாக வைக்கும் சக்தி, குறைவு என்பார்கள்.

கிளினிக் கவுண்டர்:
யாங் இருக்கட்டும். எப்போதும் குளிர்கிறது என்றால் முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். தேக்கா வாசி, பிரஷர் மாத்திரை மாதிரி ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சின்சேயிடம் சொன்னீர்களா?

தேக்கா வாசி:
அவரே கேட்டார், எதுவும் இல்லை. தூள் சாப்பிட்டு இரண்டு நாளில் தொண்டை தேவலை. தானாகவே சரியாகியிருக்கலாம், சத்தியம் பண்ணமாட்டேன். அம்மாவிடம் மட்டும் சுக்கை நிறுத்தியதைச் சொல்லவில்லை.