அரசு வேலையில் பாகுபாடு: புகார் கொடுக்க எத்தனை நாள் கெடு? அவசரம்

தாமிரபரணி: எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து இன்னும் ரெண்டு வருஷம் முழுசாக ஆகவில்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கு என் உச்சரிப்பு ஆகவே ஆகாது. கூட்டத்தில் நான் வாயைத் திறந்தாலே "இவங்களுக்கு யாராவது சப்டைட்டில் போடுங்க" என்பார், மேசையைச் சுற்றிச் சிரிப்பார்கள். இப்போது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள். என்னைவிட அனுபவம் குறைந்த இரண்டு பேருக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். எச்ஆரில் எழுதிக் கொடுத்தேன், "உள்விசாரணை நடக்கிறது, பொறுங்கள்" என்கிறார்கள். புகாருக்குக் கெடு உண்டு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை. எத்தனை நாள்? தாண்டிவிட்டதா?

வைகைக்கரை: 45 நாள்தான் தங்கச்சி. நான் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருக்கிறேன். சம்பவம் நடந்து 45 நாளுக்குள் அந்தத் துறையின் இஇஓ, அதாவது சம வேலைவாய்ப்பு ஆலோசகரிடம் போக வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் அவர் நோட்டீஸ் தருவார். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் முறையான புகார். நான் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளே கிடையாது. மினியாபொலிஸ் குளிரில் நைட் ஷிப்ட் முடித்து, கார் இல்லாமல், பஸ் வருமா வராதா என்று விடியற்காலையில் நின்ற நாட்கள் இன்னும் மறக்கவில்லை. இங்கே முதல் வருஷம் யாரையும் நம்பாதீர்கள்.

கூடுவாஞ்சேரி குமார்: அண்ணா, அந்தப் பெண்ணைப் பயமுறுத்தாதீர்கள். 300 நாள் இருக்கிறது. என் மச்சினி சிகாகோவில் மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர், அவர் அப்படித்தான் கொடுத்தார். எச்ஆர் முடிவு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மேற்குக்கரை மீனா: எங்கள் கலிபோர்னியாவில் மாநிலத் துறையிடம் மூன்று வருஷம் வரை கொடுக்கலாம். நியூயார்க் மாநிலத்திலும் 2024 பிப்ரவரி 15 முதல் நடந்தவற்றுக்கு மூன்று வருஷம். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டான்: புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது? வீசா அவர்கள் கையில். நான் வந்த புதிதில் வீட்டு வாடகைக்கே கிரெடிட் ஹிஸ்டரி கேட்டு நாலு இடத்தில் துரத்தினார்கள். எச்ஆர் என்பது கம்பெனிக்காக இருப்பது, நமக்காக இல்லை.

வைகைக்கரை: வாடகையைப் பற்றிச் சொன்னீர்களே, அதே கதைதான் எனக்கும். ரெண்டு மாத முன்பணம் கேட்டார்கள். ஊரில் கடன் வாங்கி அனுப்பச் சொன்னேன்.

பாலக்கரை ஜெயா: வாடகைப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். தங்கை சொன்னது எந்த அரசு என்று யாருமே கேட்கவில்லை. 45 நாள் என்பது மத்திய அரசு வேலைக்கு, தபால் துறையும் அதில் சேர்த்தி. மாநிலம், கவுண்டி, மாநகராட்சி வேலை என்றால் இஇஓசி, அதாவது மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாள், பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தை மாநில அமைப்பே அமல்படுத்தும் இடங்களில் 300 நாள். மாநிலச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் புகாருக்குக் கெடு ஊருக்கு ஊர் வேறு. கண்ணு, சம்பளச் சீட்டை எடுத்து முதலாளி என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார். எந்த மாநிலம், கடிதம் கைக்கு வந்தது என்றைக்கு, என்ன வீசா? இத்தனையும் சொல்.

தாமிரபரணி: டெக்சாஸ் அக்கா. மாநிலப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரி என்று போட்டிருக்கிறது. கடிதம் மார்ச் 12 கைக்கு வந்தது. வேலைக்குக் கடைசி நாள் இந்த ஆகஸ்ட் 31. கணக்கு 31ஆம் தேதியிலிருந்துதானே ஆரம்பிக்கும்? வீசா எச்1பி, முதலாளி மூலம் கிடைக்கும் வேலை வீசா.

பாலக்கரை ஜெயா: இல்லைம்மா, மார்ச் 12 முதலே ஓடுகிறது. டெலவேர் ஸ்டேட் கல்லூரியில் லைபீரியாவிலிருந்து வந்த ரிக்ஸ் என்ற பேராசிரியருக்கு நிரந்தரப் பதவி மறுத்து, கடைசியாக ஒரு வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள். முடிவைத் தெரிவித்த நாளிலிருந்துதான் கெடு, ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து அல்ல என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லூரிக்குள் முறையீடு நடந்துகொண்டிருந்ததையும் அது கணக்கில் எடுக்கவில்லை. அதனால் எச்ஆர் "பொறுங்கள்" என்று சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்காதே.

மார்ச் 12-லிருந்து 180 நாள் செப்டம்பர் 8. 300 நாள் ஜனவரி 6. இஇஓசி-க்கு ஜனவரி வரை இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. டெக்சாஸ் மாநிலச் சட்டத்துக்கு 180 நாள்தான், அரசு நிறுவனம் என்றால் அதில் தயவே கிடையாது. பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இந்தியாவிலிருந்து வந்த சத்தா என்ற பேராசிரியை சம்பளப் பாகுபாட்டுக்காக வழக்குப் போட்டார். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் கெடு புதிதாகத் தொடங்கும் என்பது அவர் வாதம். சம்பளத்தை முடிவு செய்து சொன்ன நாளிலிருந்துதான் 180 நாள், அது தாண்டினால் அரசு நிறுவனத்தின் மீதான வழக்கையே எடுக்க முடியாது என்று 2012-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சரி, இன்றைக்கே இஇஓசி போர்ட்டலில் உள்ளே போ. கேள்விகளுக்குப் பதில் கொடுத்ததும் நேர்காணலுக்கு நாள் காட்டும். கேள்விகளுக்குப் பதில் போட்டதோடு புகார் பதிந்துவிட்டது என்று நினைக்காதே, 'சார்ஜ்' என்ற புகார்த் தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டும். மாநிலச் சட்டப் புகாரை வாங்கும் டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனிலும் சேர்த்துப் பதியச் சொல். காரணம் என்ற இடத்தில் பூர்வீக நாடு என்று குறிப்பிடு, உச்சரிப்பை வைத்துக் கேலி செய்தது அதில் வரும். எச்ஆரில் எழுதிக் கொடுத்த பிறகு ஏதாவது தொல்லை கொடுத்திருந்தால் பழிவாங்கல் என்பதையும் சேர். சப்டைட்டில் பேச்சு எந்தக் கூட்டத்தில், யார் யார் இருந்தார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட இருவர் யார் என்று தேதியோடு வீட்டு நோட்டில் எழுதிவை. ஆபீஸ் மெயிலை அள்ளி உன் சொந்த மெயிலுக்கு அனுப்பாதே, நோயாளி விவரம் ஒன்று கலந்திருந்தால் அதையே உன் மேல் திருப்புவார்கள்.

வீசாவுக்குத் தனிக் கணக்கு. கடைசி வேலை நாளுக்குப் பிறகு அதிகபட்சம் 60 நாள் இங்கே இருக்கலாம், ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். புகார் கொடுத்தால் அது நீளாது. ஆனால் எச்1பி என்பதால் புகார் கொடுக்கும் உரிமை உனக்குக் குறையவும் இல்லை.

செட்டிநாட்டான்: வக்கீல் செலவுக்கு எங்கே போவாள்?

பாலக்கரை ஜெயா: இஇஓசி-யில் புகார் கொடுக்கக் காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். பிறகு வழக்குப் போடலாம் என்ற கடிதம் வந்தால் 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும், வக்கீல் அப்போது தேவைப்படுவார். வீடு மாறினால் முகவரியைத் தெரிவிக்க மறக்காதே. அந்தக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடக்கும்.

தாமிரபரணி: அக்கா, போர்ட்டலில் கிடைக்கிற முதல் நேரமே செப்டம்பர் 15. என்ன செய்வது?

பாலக்கரை ஜெயா: அந்த நேரத்தை எடுத்து வைத்துக்கொள், ஆனால் அதை நம்பி இராதே. கெடு நெருங்கியவர்களுக்கு போர்ட்டலிலேயே தனி வழி காட்டுவார்கள், அதையும் பார். நாளைக் காலை டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் சிவில் ரைட்ஸ் பிரிவுக்கு போன் போட்டு, செப்டம்பர் 8 கடைசி நாள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல். அவர்கள் படிவத்தை இந்த வாரமே நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கிடைத்தது என்று தேதியோடு பதில் வாங்கு, வராவிட்டால் மறுபடி கூப்பிடு.