செம்பனைத் தோட்டத்து வடிகாலில் கிடைத்த நில ஆமை: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிறு மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்து வடிகால் ஓரம் ஒரு ஆமை கிடந்தது. மஞ்சள் ஓடு, அதில் கறுப்புத் திட்டுகள். ஓட்டின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் வாளித் தண்ணீரில் விடச் சொன்னார். நான் விடவில்லை. கால்கள் யானைக்கால் போல உருண்டிருக்கின்றன, விரலிடைச் சவ்வு இல்லை. இது நில ஆமை, ஆழத் தண்ணீரில் மூழ்கிவிடும். இப்போது நிழலில், ஈரச் சருகு போட்ட பெட்டியில் இருக்கிறது. கங்கோங் கீரையைத் தொடவில்லை. பப்பாளித் துண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மெல்லும்.

வளர்க்க ஆசைதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட விலங்கென்றால், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதை மீற மாட்டேன். என் கேள்வி: வெளிநாட்டவர் பெர்ஹிலித்தானில் (மலேசிய வனவிலங்குத் துறையில்) உரிமம் கேட்கலாமா, இல்லை ஒப்படைப்பதுதான் சரியா? அப்புறம், ஈப்போவில் ஆமை பார்க்கும் கால்நடை மருத்துவர் யாராவது உண்டா? சில்லு பெயர்ந்த இடம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது. தெரிந்தவர்கள் இன்றே சொல்லுங்கள்.