லேப்டாப்பில் இன்னொரு எஸ்எஸ்டி போட இடமிருக்கா? வாங்கும் முன் பார்க்க வேண்டியது

"1 டிபி வரை" என்று விவரத்தாளில் இருப்பதை உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாடலோடு நிறுவனம் விற்கும் மிகப் பெரிய டிரைவ் அது, பெரும்பாலும் அவ்வளவுதான். 2 டிபி போட்டாலும் பல மாடல்கள் மறுப்பேதும் இல்லாமல் எடுத்துக்கொள்ளும். உண்மை இருக்கும் இடம் சர்வீஸ் மேனுவல். தொடரின் பெயரை வைத்துத் தேடாமல், அடிப்புற ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று மதர்போர்டுகள் வருவது சகஜம்.

*

மேனுவல் படத்திலும் ஒரு பொறி உண்டு. படத்தில் இரண்டாவது எம்.2 ஸ்லாட் (சிறு பலகை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) பளிச்சென்று தெரியும்; குறைந்த விலை வகையைத் திறந்தால் அதே இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள். கனெக்டரையே வைத்திருக்க மாட்டார்கள். அதே மாடல் எண்ணுள்ள லேப்டாப்பைத் திறந்து காட்டும் வீடியோ கிடைத்தால்தான் நிச்சயம்.

கடையில் மென்பொருளை ஓட்டிப் பார்த்துக் காலி ஸ்லாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பதையும் நம்ப வேண்டாம். பயாஸில் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எழுதியிருப்பதைத்தான் அது திருப்பிச் சொல்லும், அந்தப் பட்டியல் பல நேரம் தப்பாகவே இருக்கும்.

*

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. உள்ளே ஓடுவது சாட்டாவா (பழைய, மெதுவான இணைப்பு முறை) என்விஎம்இயா (பிசிஐஇ இணைப்பில் ஓடும் வேகமான முறை) என்று தனியாகக் கேளுங்கள். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ டிரைவைச் செருகினால் பயாஸில் தலையே காட்டாது. வேக வித்தியாசமும் சின்னதல்ல: சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பி, என்விஎம்இ என்றால் பிசிஐஇ 3.0 நான்கு லேனில் (லேன் என்பது தரவு ஓடும் பாதை) சுமார் 3,500, 4.0-இல் சுமார் 7,000. இரண்டாவது ஸ்லாட்டுக்கு இரண்டு லேன் மட்டும் கொடுத்திருந்தால் இதில் பாதிதான். கோப்புகளைச் சேமித்து வைக்க அது தாராளம். அதற்குப் போய் விலை உயர்ந்த டிரைவ் வாங்குவது வீண்.

அடுத்தது நீளம். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242, 2230-உம் அதே கணக்கு. 2230 டிரைவை 2280 இடத்தில் போட நீட்டிப்புத் தகடு தேவைப்படலாம். 2280 டிரைவை 2230 இடத்தில் போட வழியே இல்லை. மெல்லிய லேப்டாப் என்றால் இரு பக்கமும் சிப் உள்ள டிரைவ் அடியில் இடித்து வளையும். ஒரு பக்கச் சிப்தானா என்று பார்த்து வாங்குங்கள். வைஃபை கார்டு ஸ்லாட்டும் எம்.2தான், ஆனால் அதன் வெட்டு வேறு. அதையும் சேர்த்து "இரண்டு எம்.2" என்று எண்ணிவிடாதீர்கள்.

*

2.5 அங்குல இடம் உள்ள மாடலா? பேட்டரியைப் பாருங்கள். பெரிய பேட்டரி வகையில் அந்த இடத்தைப் பேட்டரியே நிரப்பியிருக்கும். இடம் காலியாக இருந்தாலும் ரிப்பன் கேபிளும் பிடிமானச் சட்டமும் பெட்டியில் இல்லாமல் போகலாம், இரண்டும் மாடலுக்கு மாடல் வேறு. டிரைவின் தடிமன் 7 மிமீ-க்குள் இருக்கட்டும், பழைய 9.5 மிமீ ஹார்ட் டிஸ்க் பலவற்றில் நுழையாது.

*

64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (விலை குறைந்த லேப்டாப்புகளில் வரும் சேமிப்புச் சிப்) என்றால் அது போர்டோடு ஒட்டியது, கழற்ற முடியாது. ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளிலும் சேமிப்பு அப்படித்தான். வாங்கும்போதே தேவையான அளவை எடுத்துவிடுங்கள்.

*

டிரைவை மாற்றுவதற்கு முன், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பயாஸைத் தொட்டாலே அது கேட்கக்கூடும். விண்டோஸ் நிறுவும்போது புதிய இன்டெல் லேப்டாப்பில் "டிரைவ் எதுவும் இல்லை" என்று வந்தால் பழுது என்று பதறாதீர்கள். பெரும்பாலும் காரணம் விஎம்டி, அதாவது என்விஎம்இ டிரைவ்களை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு. இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர் மென்பொருளை பென் டிரைவில் வைத்து ஏற்றினால் டிரைவ் தெரியும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் விஎம்டியைப் பயாஸில் அணைத்தால் மட்டும் நீலத் திரை வந்து நிற்கும்.

இரண்டாவது ஸ்லாட்டில் டிரைவைப் பிடித்து வைக்கும் எம்2 திருகு (இங்கே எம்2 என்பது 2 மிமீ திருகு அளவு) பல பெட்டிகளில் வராது. டிரைவோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். திருகில்லாமல் டிரைவ் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும்.