«வன்னிச் சொந்தங்கள்» குழுவில்: மிசினைக் கொண்டு வரலாமா?

சனிக்கிழமை

கஜன் (லெஸ்டர்): எல்லோருக்கும் வணக்கம். மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வரட்டா? சும்மா பொழுதுபோக்குக்குத்தான்.

சுதன்: வா மச்சான். பண்டாரவன்னியன்ரை வாளை எடுத்து வித்து ஒரு வான் வாங்குவோம்.

பெரியப்பா: சுதன், பகிடியை விடு. தம்பி கஜன், கொண்டு வராதே. நான் விதானையாக இருந்த காலத்தில் புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களைக் கண்டிருக்கிறேன். மண்வெட்டி, ஸ்கானர், பூசைச் சாமான், வந்த வாகனம் எல்லாம் பொலிஸ் நிலைய முற்றத்தில் கிடக்கும். இப்போதும் மாதம் தவறாமல் பேப்பரில் வருகிறதே.

கஜன்: நான் புதையல் தேடவில்லை பெரியப்பா. எங்கள் காணிக்குள் மட்டும்தான்.

பெரியப்பா: சொந்தக் காணி என்றாலும் அதேதான். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருள் தேடித் தோண்ட தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்தியது பழம்பொருள். அது மண்ணுக்குள் கிடந்தால் அரசுக்குச் சொந்தம். பண்டாரவன்னியன் வெள்ளையரிடம் தோற்றதைச் சொல்லும் கற்சிலைமடுக் கல்லில் 1803 என்று போட்டிருக்கிறது. கணக்கைப் பார், அந்த வாள் சுதனுக்குச் சேராது.

சுதன்: வான் போச்சு 😭

சின்ன மாமி: பொழுதுபோக்காம். அவன்ரை அப்பா 2009 தையில் விசுவமடு வளவில் பித்தளைச் சாமானையும் அம்மாவின்ரை குத்துவிளக்கையும் புதைத்துவிட்டுத்தானே வெளிக்கிட்டவர். பலா மரத்தடி என்று எனக்கே சொன்னவர்.

கஜன்: மாமி 🙈

சின்ன மாமி: என்ன மாமி? உண்மையைத்தானே சொன்னேன். பலா மரமும் இப்போது இல்லை.

ரஞ்சி அக்கா: இப்போதுதான் முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலை முடிந்து வந்தேன். கஜன், நான் சொல்வதைக் கேள். நீ வாங்கியது காசும் மோதிரமும் தேடுகிற மிசின். இங்கே கிடக்கிற மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக், சில மரப்பெட்டி. பி4 என்கிற வெடிக்குள் இருக்கும் இரும்பு மிகக் கொஞ்சம். உன் மிசின் ஆணிக்குக் கத்தும், அதற்குக் கத்தாமல் விட்டாலும் விடும். செம்மண்ணில் இரும்புச் சத்து இருப்பதால் சும்மாவும் கத்தும். அதனால்தான் சில இடங்களில் நாங்களே மிசினை வைத்துவிட்டு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறோம்.

கஜன்: அப்பாவின் வளவு துப்புரவாக்கிக் கையளித்த காணிதானே அக்கா?

ரஞ்சி அக்கா: கையளித்தது நடமாட, பயிர் செய்ய. மேல் மண்ணைத்தான் பார்த்திருப்பார்கள். கிணறு வெட்டுகிறவனும் ஜேசிபிக்காரனும் இன்றைக்கும் வெடிக்காத செல் (எறிகணை) கிளப்புகிறார்கள். குத்துவிளக்கும் செல்லும் உன் மிசினுக்கு ஒரே சத்தம். சத்தம் வந்த இடத்துக்கு நேர் மேலே நாங்கள் கை வைப்பதே இல்லை. ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி, பக்கவாட்டாகச் சுரண்டிக்கொண்டு போவோம், அதுவும் முகக்கவசம் போட்டுக்கொண்டு. நீ கரண்டியால் நேராகக் குத்துவாய்.

பெரியப்பா: விளக்கு வேண்டுமென்றால் அதற்கு வழி வேறு. முதலில் கிராம சேவையாளரிடம் எழுத்தில் கொடு. அவர் பொலிஸுக்கும் கண்ணிவெடிப் பிரிவுக்கும் சொல்லட்டும். புதுக்குடியிருப்புப் பக்கம் நகை இருக்கிறது என்று நீதிமன்ற உத்தரவு எடுத்து, படை, பொலிஸ் எல்லாம் நிற்கத் தோண்டியும் வெறுங்குழியாய்ப் போன கதைகள் தெரியும்தானே. மறைத்துச் செய்தால் உன்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

ரஞ்சி அக்கா: எலும்போ சீருடைத் துணியோ தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டும்போதுதான் புதைகுழி தெரிய வந்தது. உடனே பொலிஸுக்கு 119.

அகிலன் சித்தப்பா (நோர்விச்): காலை வணக்கம். கஜன், பழகுவதென்றால் இங்கேயே பழகு. இங்கிலாந்தில் மிசின் வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் எல்லா நிலத்துக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். பூங்கா என்றால் கவுன்சில். வயல் என்றால் விவசாயி. அனுமதியைக் கடிதத்தில் வாங்கு, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதையும் அதிலேயே எழுது. பாதிப் பாதி என்பதுதான் வழக்கம். பட்டியலிட்ட நினைவுச் சின்ன நிலத்தில் அனுமதியில்லாமல் மிசினைப் போட்டுத் தேடினாலே குற்றம், 1979 சட்டம்.

கஜன்: கடற்கரை?

அகிலன் சித்தப்பா: கிரௌன் எஸ்டேட்டுக்குச் சொந்தமான அலைவாய்க் கரை என்றால் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. மற்றக் கரைகளுக்குக் கேட்க வேண்டும். லண்டனில் தேம்ஸ் கரைக்குத் தனிப் பெர்மிட். 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிச் சாமான் கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனர் என்கிற மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். 1996 புதையல் சட்டம். ஸ்கொட்லாந்துக்குப் போனால் சட்டம் வேறு.

கஜன்: நேற்றுத் தோட்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே கத்தல், ஒன்றும் விளங்கவில்லை.

அகிலன் சித்தப்பா: ஃபோனைத் தூர வை. தெரிந்த காசு, ஆணி, வெள்ளித்தாள், ரின் மூடி வளையம் எல்லாவற்றையும் வேறு வேறு ஆழத்தில் புதைத்துச் சத்தத்தைப் பழகு. இரும்பை மறைக்கிற பட்டனை முழுதாகத் திருப்பாதே, நல்ல சாமானும் சேர்ந்து மறையும். வளையமும் மோதிரமும் ஒரே மாதிரிக் கத்தும், அதற்கு மருந்தே இல்லை.

சின்ன மாமி: அப்போது குத்துவிளக்கு?

பெரியப்பா: திங்கட்கிழமை நானே கிராம சேவையாளரைக் காண்கிறேன். பலா நின்ற இடத்தை ஒரு தாளில் கீறி அனுப்பு. கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று உன் அப்பாவிடம் கேட்டுப் போடு.

அடுத்த ஞாயிறு

கஜன்: வேலையிடத்து நண்பரின் மாமா ஒருவர் வயலில் தேட விட்டார், கடிதத்தோடு. ஆட்டுக்குட்டிகள் நிற்கிற பக்கம் மட்டும் போகக்கூடாதாம். கிடைத்தது: டிராக்டர் போல்ட், எட்டு வளையம், 1967ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று.

சின்ன மாமி: பென்னிக்கு என்ன விலை வரும்?

அகிலன் சித்தப்பா: ஒரு தேத்தண்ணிக்கும் காணாது. என்றாலும் பொலிஷ் போட்டுத் தேய்க்காதே.

ரஞ்சி அக்கா: குழியை மூடினாயா?

கஜன்: மூடினேன் அக்கா.

ரஞ்சி அக்கா: படம் போடு.

கஜன்: 📷

ரஞ்சி அக்கா: புல் கட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆட்டுக்கால் மாட்டும். திரும்பிப் போய் மிதித்து அமர்த்திவிட்டு வா.