கைக்குழந்தையோடு காணாமல் போன தாய்: நாம் ஊகிப்பது உதவியா, உபத்திரவமா?

தராசுமுள்:

நான்கு நாளாக எங்கே போனாலும் இதே பேச்சு. பதினோரு நாள் குழந்தையோடு ஒரு தாய் அதிகாலையில் வீட்டை விட்டுப் போயிருக்கிறார், இன்னும் கிடைக்கவில்லை. கண்காணிப்புக் கேமராவில் பதினேழு வினாடிக் காட்சி ஒன்று இருக்கிறது. தோளில் பை, மார்போடு சேர்த்துப் போர்வைச் சுருள், காலில் வீட்டுச் செருப்பு. போலீசார் வெளியிட்டது அவ்வளவுதான்.

அந்தப் பதினேழு வினாடியிலிருந்து எத்தனை கதைகள்! கணவன் கொன்றுவிட்டான், வேறொருவரோடு போய்விட்டாள், குழந்தையை விற்றுவிட்டாள். போர்வைக்குள் இருப்பது தலையணை என்ற கதை நேற்று மட்டும் எனக்கு ஆறு பேரிடமிருந்து வந்தது.

பெயர், முகவரி, படம் எதையும் தயவுசெய்து இங்கே போடாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். தேடுவது வேறு, கதை கட்டுவது வேறு இல்லையா? நாம் செய்துகொண்டிருப்பது எது?

ஊர்க்குருவி:

அந்தத் தலையணைப் பதிவை எழுதியவன் நான்தான் அண்ணா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காட்சியை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஐந்தாவது வினாடியில் அவருடைய வலது கை போர்வையை விட்டு விலகுகிறது. பிறந்து பதினோரு நாளான குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலையைத் தாங்காமல் எந்தத் தாய் கையை எடுப்பாள்? அதைத்தான் எழுதினேன். யாரையும் கொலைகாரன் என்று சொல்லவில்லை.

நாம் வாயை மூடிக்கொண்டால் இந்த விஷயம் இரண்டே நாளில் அமுங்கிப்போகும். ஊர் பேசுகிற ஆளைத்தான் வேகமாகத் தேடுகிறார்கள். 2021-இல் அமெரிக்காவில் வேனில் சுற்றுலா போன ஓர் இளம்பெண் காணாமல் போனார். வயோமிங் மாநிலத்தில் அதே வழியாகப் போயிருந்த ஒரு குடும்பம், தாங்கள் எடுத்து வைத்திருந்த பயணக் காணொளியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. காட்டுப் பாதையோரம் அந்தப் பெண்ணின் வெள்ளை வேன் நிற்பது அதில் பதிவாகியிருந்தது. எஃப்.பி.ஐ.யிடம் கொடுத்தார்கள். செப்டம்பர் 19 அன்று அந்தப் பகுதியிலேயே உடல் கிடைத்தது. ஊரே பேசியிருக்காவிட்டால் அவர்கள் அந்தக் காணொளியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பனித்துளி:

சகோ, அந்தக் குடும்பம் ஊகிக்கவில்லையே. தங்கள் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது? எல்லாரும் பார்த்த அதே பதினேழு வினாடி.

குழந்தையும் தாயும் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லின். 1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறைக்கு அருகே முகாமிட்டிருந்த கூடாரத்திலிருந்து அவருடைய ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப் போய்விட்டது என்று தாய் அன்றிரவே சொன்னார். நாடு நம்பவில்லை. காரணம் என்ன தெரியுமா? தொலைக்காட்சியில் அவர் தேம்பி அழவில்லை. பெற்ற தாய் இப்படியா இருப்பாள் என்று வீட்டுக்கு வீடு பேசினார்கள். குழந்தையின் பெயருக்கே 'பாலைவனத்தில் பலி' என்று பொருள் என ஒரு வதந்தி பரவியது. உண்மையில் அது 'கடவுள் உதவினார்' என்ற பொருளுள்ள எபிரேயப் பெயர். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டாள் என்பதுகூட ஒரு சாட்சியம் போலப் பேசப்பட்டது.

1982-இல் ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. சிறையில் இருக்கும்போதே அடுத்த குழந்தை பிறந்தது, அதையும் அவரிடமிருந்து பிரித்தார்கள். காரில் குழந்தையின் இரத்தம் தெறித்த தடம் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது, கார் தயாரிக்கும்போது சத்தத்தைக் குறைக்க அடிக்கும் பூச்சு என்பது பின்னால் தெரியவந்தது. 1986-இல் டிங்கோக்கள் திரியும் இடத்தருகே குழந்தையின் சின்ன மேல்சட்டை தற்செயலாகக் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் விடுதலை. 1988-இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி எழுதியது 2012-இல். முப்பத்திரண்டு வருடம்!

கழுத்தைத் தாங்கவில்லை என்று நீங்கள் எழுதியதும் 'அழவில்லை' என்பதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

ஊர்க்குருவி:

நீங்கள் சொன்னது உண்மை, மனதைப் பிசைகிறது. ஆனால் மறுபக்கமும் உண்டு. 1994-இல் தென் கரோலினாவில் ஒரு தாய், தன் காரைக் கடத்தியவன் இரண்டு மகன்களையும் கொண்டுபோய்விட்டான் என்று தொலைக்காட்சியில் அழுதார். ஒன்பது நாள் கழித்து, காரை ஏரியில் இறக்கியது தானே என்று ஒப்புக்கொண்டார். குடும்பத்தார் பொய் சொல்வதும் உண்டு.

கணவனைச் சந்தேகிப்பது வம்பும் அல்ல. 2023-இல் உலகம் முழுக்கச் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தாராலோ கொல்லப்பட்டார்கள் என்பது ஐ.நா. மதிப்பீடு. நாளொன்றுக்கு 140 பேர். இதைத் தெரிந்துகொண்டு கணவனைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்குக் கோழைத்தனமாகத் தெரிகிறது.

பனித்துளி:

1994 வழக்கு என் பக்கம்தான் நிற்கிறது சகோ. அழாத தாயைக் குற்றவாளி என்றார்கள், அவர் நிரபராதி. அழுத தாயை நம்பினார்கள், அவர்தான் செய்திருந்தார். இரண்டு இடத்திலும் பார்த்தவர்கள் முகத்தைப் படித்தார்கள், இரண்டிலும் தப்பாகப் படித்தார்கள். கடத்தியவன் கறுப்பினத்தவன் என்று அந்தப் பெண் சொன்னதை நம்பி, அந்த ஒன்பது நாளும் சம்பந்தமே இல்லாத கறுப்பின ஆண்கள் மேல் சந்தேகம் பாய்ந்தது. அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

51,100 என்ற எண் விசாரணை அதிகாரிக்கு வேண்டும். வீட்டிலிருந்து தொடங்கு என்று அது அவருக்குச் சொல்லும். இந்தக் குறிப்பிட்ட மனிதர் செய்தாரா என்பதை அந்த எண் சொல்லாது.

முச்சந்தி:

இடையில் ஒரு வார்த்தை. ஊகம் ஏன் பெருகுகிறது என்று யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் லங்காஷயரில் வையர் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கப் போன ஒரு தாய் காணாமல் போனார். மூன்று வாரம் உலகமே துப்பறிந்தது. ஊருக்குள் புகுந்து படம் பிடித்தவர்களைப் போலீசார் கலைந்துபோகச் சொல்லும் அளவுக்குப் போனது. கடைசியில் ஆற்றின் கீழ்ப்பகுதியிலேயே உடல் கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கிய விபத்து என்று ஜூனில் மரண விசாரணை முடித்தது.

அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஆய்வறிக்கை போலீசாரையும் குறை சொன்னது. ஊடகங்களுக்கு ஒழுங்காகத் தகவல் தராததால் ஏற்பட்ட வெற்றிடத்தில்தான் ஊகங்கள் கட்டுக்கடங்காமல் பரவின என்றது. அப்புறம் அந்தப் பெண்ணின் அந்தரங்க உடல்நல விவரங்களை வெளியே சொன்னது தேவையே இல்லாதது என்றது. தினம் ஒரு தடவை வந்து 'இன்று இதுவரை தேடினோம்' என்று சொல்ல என்ன கஷ்டம்? எல்லாப் பழியையும் பேசுகிறவர்கள் மேல் போடாதீர்கள்.

செவிலி_அக்கா:

பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தவள் நான். ஊர்க்குருவித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

பதினோரு நாள் என்றதுமே என் மனம் வேறு பக்கம் போனது. இந்தத் தாய்க்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ் என்ற கடுமையான மனநோய் ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். நேற்றுவரை நன்றாக இருந்தவள் தூங்க மாட்டாள். யாரோ குழந்தையைப் பறிக்க வருகிறார்கள் என்பாள், இது என் குழந்தையே இல்லை என்பாள். சொன்னால் நம்ப மாட்டார்களே என்று வீட்டாரிடம் எதையும் காட்டிக்கொள்ளாமலும் இருப்பாள். அது அவசர சிகிச்சைக்குரிய நோய். நேரத்துக்கு மருத்துவம் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகக் குணமடைகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தி எங்கோ ஒரு மூலையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தால், அவள் கையிலும் கைபேசி இருக்கலாம் தம்பி. குழந்தையை விற்றவள், கொன்றவள் என்று ஊரே சொல்வதை அவளும் படிப்பாள்.

கை விலகியது பற்றியும் கேட்டாயே. குழந்தையின் தலை முழங்கை மடிப்பில் இருந்தால் இடது கை ஒன்றே போதும். வார்டில் ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் வெந்நீர்ப் பாத்திரமுமாக நடந்த தாய்மாரை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

மழைச்சாரல்:

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் என் தங்கை பத்தொன்பது நாள் குழந்தையோடு வீட்டை விட்டுப் போனாள். இரண்டு இரவு. எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தில் படத்தைப் பகிர்ந்தார். முதல் மணி நேரம் எல்லாரும் 'கிடைத்துவிடுவார்' என்றுதான் எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் அவளுடைய கல்யாணப் படத்தை யாரோ தேடி எடுத்து, மாப்பிள்ளையின் முகத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டு 'இவன் கண்ணைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தது நான். வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, சீக்கிரம் எடு என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த நொடி அது. அதனால்தான் கண் அப்படி இடுங்கியிருந்தது. வீட்டு வாசலில் கல் எறிந்தார்கள். அவர் வெளியே போய்த் தேட முடியாமல் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார். அவளுடைய தோழிகள் யார் யார், எந்தக் கோயிலுக்குப் போவாள், எந்த ரயில் அவளுக்குப் பழக்கம் என்றெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மூன்றாம் நாள் காலை ஒரு ரயில் நிலையத்தின் பெண்கள் ஓய்வறையில் கிடைத்தாள். பெருக்க வந்த அம்மா கவனித்திருக்கிறார். குழந்தை நன்றாக இருந்தது. தங்கையின் தோளில் பால் காய்ந்து துணி விறைத்துப் போயிருந்தது. குழந்தையை யாரோ மாற்றிவிடப் போகிறார்கள் என்று ஓடியிருக்கிறாள். செவிலி அக்கா சொன்ன அதே நோய்தான். சிகிச்சை எடுத்து, நாலு மாதத்தில் பழையபடி ஆனாள்.

நன்றாகத் தேறிய பிறகு ஒருநாள் சொன்னாள். இரண்டாம் நாள் மாலையே கொஞ்சம் தெளிவு வந்து, அம்மாவுக்குப் போன் பண்ணலாம் என்று கைபேசியை எடுத்தாளாம். திரையில் முதலில் வந்தது அந்தச் சிவப்பு வட்டம். அதன்கீழ் இருந்ததையெல்லாம் படித்தாள். கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டாவது இரவு எங்களுக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை.

அவள் மகளுக்கு இப்போது எட்டு வயது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அந்தப் படம் இன்னும் இணையத்தில் இருக்கிறது.

முச்சந்தி:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. போலீசார் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் வெற்றிடம் இருக்கிறது என்பதற்காக அதைக் குப்பையால் நிரப்பலாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊர்க்குருவி:

மழைச்சாரல் அக்கா, மன்னித்துவிடுங்கள். உங்களிடம் மட்டும் கேட்டால் போதாது என்று தெரியும்.

முழங்கை மடிப்பை இப்போது மறுபடி பார்த்தேன். செவிலி அக்கா சொன்னபடிதான் இருக்கிறது. நாற்பது தடவை பார்த்தும் வலது கையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வீட்டில் அடி உதை நடந்ததைப் பக்கத்து வீட்டில் யாராவது கேட்டிருந்தால் அவர்களும் சும்மா இருக்க வேண்டுமா? 'ஊகிக்காதே' என்ற பெயரில் அப்படிப்பட்டவர்களின் வாயும் அடைபட்டுவிடக் கூடாது.

தராசுமுள்:

அடைபடவே கூடாது. கேட்டதை, பார்த்ததை, நாள் நேரத்தோடு விசாரணை அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அசட்டை செய்தால் மேலதிகாரியிடம், பெண்களுக்கான உதவி மையத்திடம் போக வேண்டும். எல்லாரும் பார்க்கும்படி எழுதினால், அவர் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் பட்சத்தில் எதை மறைக்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

அந்த வழியில் கேமரா வைத்திருப்பவர்கள் இன்றே பார்த்துவிடுங்கள். பல வீட்டுக் கேமராக்களில் சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். எதாவது கிடைத்தால் மூலக் கோப்பையே அப்படியே கொடுங்கள். செயலி வழியாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும், எடுத்த நேரம் குறித்த விவரமும் போய்விடலாம்.

ஊர்க்குருவி:

சரி அண்ணா. தலையணைப் பதிவை இப்போதுதான் அழித்தேன். 212 பேர் பகிர்ந்திருந்தார்கள். படம் பிடித்துப் போட்டவர்கள் தனி. 'தவறாக எழுதிவிட்டேன், எடுத்துவிடுங்கள்' என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை முப்பது பேருக்குப் போயிருக்கிறது. ஒன்பது பேர் எடுத்துவிட்டார்கள். ஒருவர் 'உனக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள்' என்று கேட்கிறார்.

மழைச்சாரல்:

பட்டியலில் பாதியை எனக்கு அனுப்பு தம்பி. நானும் எழுதுகிறேன்.