ஜி ஜெயித்தது, எச் தோற்றது: 2020 மார்ச்சில் ஃபுட்ஹில்–டி ஆன்சா வாக்காளர்கள் என்னதான் சொன்னார்கள்?

(செங்கல், மூணில்ரெண்டு, சீட்டெண்ணி, வாடகைவீடு என்ற புனைபெயர்களில் நாலு பேர் வாதாடுகிறார்கள்.)

செங்கல்
2020 மார்ச் 3 பிரைமரியில் (கட்சிகளின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலியில் இருக்கும் ஃபுட்ஹில்–டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட், அதாவது பொதுக் கல்லூரிகளை நடத்தும் அமைப்பு, ஒரே சீட்டில் இரண்டு கேள்வி கேட்டது. மெஷர் ஜி: கட்டடம், பழுதுபார்ப்பு, கருவிகளுக்காக 898 மில்லியன் டாலர் கடன் பத்திரம். மெஷர் எச்: மனை ஒன்றுக்கு வருஷம் 48 டாலர் வீதம் ஐந்து வருஷத்துக்குப் பார்சல் வரி. அது ஆசிரியர்களைத் தக்கவைக்க, மாணவர் உதவிக்கு. பாலோ ஆல்ட்டோ, மவுன்ட்டன் வியூ, லாஸ் ஆல்ட்டோஸ், சன்னிவேல், குபர்டினோ எல்லாம் இந்த எல்லைக்குள் வருகின்றன. சான் ஹோசே, சாரட்டோகா, சான்டா கிளாராவிலும் ஓரங்கள் சேரும்.

ஜி ஜெயித்தது, எச் தோற்றது. 2010 நவம்பரில் இதே டிஸ்ட்ரிக்ட் 69 டாலர் பார்சல் வரி கேட்டுத் தோற்றது. 1999-இலும் 2006-இலும் கேட்ட கடன் பத்திரங்கள் ஜெயித்தன. இருபது வருஷமாக ஒரே பதில்தான்: கட்டடத்துக்குக் கொடுப்போம், சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டோம்.

மூணில்ரெண்டு
தேர்வில் இரண்டு மாணவர்களுக்கு வேறு வேறு பாஸ் மார்க் வைத்துவிட்டு, ஒருத்தன் ஃபெயில் ஆனதும் அவன் மக்கு என்கிறீர்கள்.

2000 நவம்பரில் மாநில வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ப்ராப் 39 என்ற சட்டத்தின்படி பள்ளி, கல்லூரிக் கட்டடக் கடன் பத்திரத்துக்கு 55 சதவீதம் போதும். பார்சல் வரி இன்னும் 1978-இன் ப்ராப் 13 போட்ட கட்டுக்குள்தான் இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஜி 55-ஐத் தாண்டியது, ஆனால் மூன்றில் இரண்டை எட்டவில்லை. எச்-சுக்கான பாஸ் மார்க்கை ஜி-க்கும் வைத்திருந்தால் அதுவும் அன்றே கவிழ்ந்திருக்கும். எச்-சுக்கும் பாதிக்கு மேல் "ஆம்" விழுந்தது. ஊர் மறுத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

செங்கல்
மூணில்ரெண்டு சார், 1999-ஐ மறந்துவிட்டீர்கள். அப்போது ப்ராப் 39 கிடையாது. மெஷர் ஈ, 248 மில்லியன் டாலர் கடன் பத்திரம், அதே மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டித்தான் நிறைவேறியது. ஆக இந்த வாக்காளர்களால் முடியாத காரியம் இல்லை. மனசு இருந்தால் தாண்டுவார்கள்.

அதோடு ப்ராப் 39 சும்மா கொடுத்த சலுகை இல்லை. 55 சதவீதத்துக்கு ஈடாகக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. வேலைப் பட்டியலை முன்கூட்டியே அச்சிட வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கு ஒரு சென்ட் போகக் கூடாது. வருஷா வருஷம் நிதித் தணிக்கை, செயல்பாட்டுத் தணிக்கை இரண்டும் உண்டு. குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும். அதில் வணிக அமைப்பிலிருந்து ஒருவர், மூத்த குடிமக்கள் அமைப்பிலிருந்து ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர், மாணவர் ஒருவர் கட்டாயம். டிஸ்ட்ரிக்ட் ஊழியருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அதில் இடமில்லை. மக்கள் அந்தப் பூட்டைப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

மூணில்ரெண்டு
அந்தக் குழுவில் வரிச் சங்க நாற்காலிக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எந்த டிஸ்ட்ரிக்டிலும் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். பூட்டு இருக்கிறது, காவலாள்தான் இல்லை. வாக்குச் சீட்டில் கேள்விக்கு இடம் 75 சொற்கள்தான். 2018-லிருந்து தொகை, வரி விகிதம், எத்தனை வருஷம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணிக்க வேண்டும். அதைப் படித்துத் தணிக்கை முறையை ஒப்பிட்டு ஓட்டுப் போட்டார்கள் என்பது ரொம்ப நம்பிக்கை.

சீட்டெண்ணி
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். "கட்டடத்துக்கு ஆம், சம்பளத்துக்கு இல்லை" என்று போட்டவர்கள் எத்தனை பேர்? இந்த எண் இல்லாமல் செங்கல் சொல்வதும் நிற்காது, மூணில்ரெண்டு சொல்வதும் நிற்காது.

மொத்தக் கூட்டலிலிருந்து அதை எடுக்க முடியாது. 1,000 பேர் இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னதாக வையுங்கள் (எண்கள் என் கற்பனை). ஜி-க்கு ஆம் 590, எச்-சுக்கு ஆம் 560. உடனே "30 பேர்தான் பிரித்துப் போட்டார்கள்" என்பார்கள். அது குறைந்தபட்சம். அதே எண்களுக்குள் 440 பேர் வரை ஜி-க்கு ஆம், எச்-சுக்கு இல்லை என்று போட்டிருக்க முடியும். எதிர்ப்பக்கம் 410 பேர் மாற்றிப் போட்டிருந்தால் கணக்கு நேராகிவிடும். நிஜத்தில் அத்தனை பேர் மாற்றிப் போட மாட்டார்கள், ஆனால் கூட்டல் அதைத் தடுக்கவில்லை. சீட்டு வாரியான பதிவு கையில் இருந்தால்தான் சரியான விடை.

அது இல்லாமல் பார்க்க விரும்பினால் வழி இது:

1. கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகம் வெளியிடும் பிரிசிங்ட் (வாக்குச்சாவடிப் பகுதி) வாரி வாக்கு அறிக்கையை எடுங்கள். தேர்தல் இரவு எண்கள் வேண்டாம். கடைசித் தேதிக்குள் முத்திரை விழுந்த தபால் சீட்டு பிறகும் வரும், கவுண்ட்டிக்குச் சரிபார்க்க 30 நாள் அவகாசம் உண்டு. சான்றளித்த கோப்புதான் கணக்கு.
2. சதவீதத்தின் கீழ்எண் அந்தக் கேள்விக்கு விழுந்த ஆம் + இல்லை மட்டும். மொத்தச் சீட்டை வைத்து வகுத்தால் விடை தப்பும். பிரைமரியில் மேலே ஜனாதிபதி வேட்பாளரைக் குத்திவிட்டுக் கீழே வெற்றாக விடுபவர்கள் நிறைய.
3. ஜி-யில் வெற்று, எச்-சில் வெற்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டையும் ஒப்பிடுவதே ஆட்டம் காணும்.
4. நகர வாரியாகப் பிரிக்கும்போது ஓர பிரிசிங்ட்களைக் கவனியுங்கள். சான் ஹோசே வாக்காளர் எல்லாரும் இந்த டிஸ்ட்ரிக்ட் இல்லை. நகரத்தின் மொத்தப் பதிவு எண்ணைப் போட்டால் அங்கே வாக்குப்பதிவு படுபாதாளத்தில் தெரியும்.

இன்னொன்று: ஒரு பிரிசிங்டில் வாடகைக்காரர் அதிகம், எச்-சுக்கு ஆம் அதிகம் என்றால் வாடகைக்காரர்தான் ஆம் போட்டார் என்று ஆகாது. அங்கே இருக்கும் சொந்த வீட்டுக்காரர்களும் போட்டிருக்கலாம்.

வாடகைவீடு
சம்பளம், செங்கல் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வரி பில்லைப் பாருங்கள். யாருக்கு எது வலிக்கிறது என்று அங்கேதான் தெரியும்.

ஜி-யின் கடனையும் சொத்து வரியில்தான் திருப்பிக் கட்ட வேண்டும். அதன் உத்தேச விகிதம் வரி மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு 16 டாலர். இந்த வரி மதிப்பு சந்தை விலை இல்லை. ப்ராப் 13-இன்படி வாங்கிய விலையிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. சன்னிவேலில் ஒரே தெருவில் ஒரே அளவு வீடு இரண்டு. ஒன்று 1980-களில் வாங்கியது, வரி மதிப்பு 2 லட்சம் என்று வையுங்கள். மற்றது போன வருஷம் வாங்கியது, 20 லட்சம்.

பழைய வீட்டுக்கு ஜி: 32 டாலர். எச்: 48.
புது வீட்டுக்கு ஜி: 320 டாலர். எச்: அதே 48.

திருப்புமுனை 3 லட்சம். அதற்குக் கீழே இருப்பவருக்கு 898 மில்லியன் டாலர் கடன்தான் மலிவு, குட்டியாகத் தெரிகிற எச்தான் விலை அதிகம். பிரைமரிக்குத் தவறாமல் வருபவர்கள் யார்? பெரும்பாலும் வயதானவர்கள், நெடுநாள் வீட்டுக்காரர்கள். அவர்கள் ஜி-க்கு ஆம், எச்-சுக்கு இல்லை என்று போட்டால் அது சம்பளத்தின் மேல் வெறுப்பு இல்லை, கூட்டல் கழித்தல். (சொந்தமாகக் குடியிருப்பவருக்கு வரி மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டே என்று யாராவது வருவதற்குள் சொல்கிறேன்: ஜி-யில் அதன் லாபம் 1 டாலர் 12 சென்ட்.)

செங்கல்
கணக்கு அழகு. ஆனால் 65 வயது நிரம்பியவர்களுக்குப் பார்சல் வரியில் விலக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, கடன் பத்திரத்தில் அந்த வழியே இல்லை. நீங்கள் சொல்லும் அதே பெரியவருக்கு எச் பூஜ்யமாகக்கூட ஆகலாம். அப்புறம் எதற்கு மறுப்பார்?

வாடகைவீடு
விலக்கு தானாக வராது. விண்ணப்பம் போட வேண்டும், கடைசித் தேதி தவறினால் அந்த வருஷம் போச்சு. சீட்டைக் கையில் வைத்திருப்பவர் கண்ணில் படுவது 48 என்ற எண்தான். ஆனாலும் உங்கள் கேள்வி நியாயம். 60 வயதுக்காரருக்கு என் கணக்கு பொருந்தும், 70 வயதுக்காரருக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும்.

மூணில்ரெண்டு
பிரைமரி என்றதும் ஞாபகம். எச்-சை அதே வருஷம் நவம்பருக்குத் தள்ளியிருக்கலாம். அந்த நவம்பரில் கால்ட்ரெயின் ரயிலுக்கான விற்பனை வரி, மெஷர் ஆர்ஆர், மூன்று கவுண்ட்டிகளிலும் சேர்த்து மூன்றில் இரண்டைத் தாண்டி நிறைவேறியது. மார்ச்சில் பொழுதே சரியில்லை. மாநிலத்தின் 15 பில்லியன் டாலர் பள்ளிக் கடன் பத்திரமே அன்று தோற்றது. அதற்கு வாய்த்த எண்ணும் 13! பழைய ப்ராப் 13-இல் கைவைக்கிறார்கள் என்று பயந்தவர்கள் எத்தனையோ.

செங்கல்
2010-இல் 69 டாலர் தோற்றதும் நவம்பர்தான், கவர்னர் தேர்தல் நாள். விற்பனை வரியும் மனை வரியும் ஒன்றில்லை. ஒன்று கடையில் சில்லறையாகக் கரையும், மற்றது பில்லில் பெயரோடு நிற்கும்.

மூணில்ரெண்டு
2010 அடி சரியான இடத்தில் விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் மட்டும் போதாது. பாஸ் மார்க் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

சீட்டெண்ணி
வாடகைவீடு சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம். கவுண்ட்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் மனை வாரி வரி மதிப்பைப் பிரிசிங்ட் எல்லைக்குள் அடுக்கி, 3 லட்சத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளின் பங்கை எடுங்கள். அதே பிரிசிங்டில் ஜி ஆம் சதவீதத்திலிருந்து எச் ஆம் சதவீதத்தைக் கழியுங்கள். அவர் சொல்வது சரியென்றால் பழைய வீடு அதிகமான இடத்தில் இந்த இடைவெளி அகல வேண்டும். அகலாவிட்டால் அவர் கணக்கு காகிதத்தோடு சரி. அகன்றாலும் நிரூபணம் இல்லை, சாட்சி ஒன்று கூடும்.

அடுக்கும்போது அலுவலக வளாகங்களையும் அடுக்குமாடி வாடகைக் கட்டடங்களையும் நீக்கிவிடுங்கள். 200 குடித்தனம் இருக்கும் கட்டடம் ஒரே மனையாக இருந்தால் எச்-சில் அதற்கு மொத்தமே 48 டாலர். அதைச் சேர்த்தால் பங்கு குழம்பும். பிரிசிங்ட் எல்லை ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறும், 2020 மார்ச்சின் வரைபடம்தான் வேண்டும். நவம்பர் கோப்பை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாடகைவீடு
மனைக் கோப்பு, பிரிசிங்ட் வரைபடம் இரண்டையும் பொருத்துவது என் வேலை. வெற்றுச் சீட்டு எண்ணை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். செங்கல், சொத்து வரி பில் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: கடன் பத்திரம் வரி விகிதப் பகுதியில் தசமத்தில் நிற்கும், பார்சல் வரி கீழே தனிக் கட்டணங்களோடு முழு டாலரில் நிற்கும். டிசம்பர் 10-க்குள் முதல் தவணை கட்ட உட்காருபவர் கண் முதலில் எங்கே போகும்?

செங்கல்
கீழே இருக்கும் முழு டாலருக்குத்தான். சரி, கோப்பு வரட்டும்.