ஏற்காட்டில் ஷூட்டிங்: எங்கள் செவலையை அனுப்பலாமா?

கன்னங்குறிச்சிக்காரன்:

வணக்கம். எங்கள் வீட்டு நாய் செவலைக்கு நான்கு வயது. நாட்டு நாயும் சிப்பிப்பாறையும் கலந்த இனம். தினமும் காலையில் மூக்கனேரிக் கரையில் ஓட்டிக்கொண்டு போவேன். அங்கே பார்த்த ஒருவர், தான் சினிமாக் கம்பெனி மேனேஜர் என்றார். அடுத்த வாரம் ஏற்காட்டில் ஆறு நாள் ஷூட்டிங்காம். நாய் வேண்டும், ஒரு நாளைக்கு மூவாயிரம் என்கிறார். செவலைக்கு உட்கார், நில், கை கொடு மூன்றும் தெரியும்.

மூன்று காட்சிகள் சொன்னார். எஸ்டேட் வாசலில் செத்துப்போன தாத்தாவுக்காகக் காத்திருப்பது. பஸ் வரும்போது குறுக்கே ஓடுவது. திருவிழா வெடிச் சத்தத்தில் மிரண்டு, நொண்டிக்கொண்டே காப்பித் தோட்டத்துக்குள் போவது. "மூவாயிரத்துக்கு அதைக் கொண்டுபோய் விடுவியா?" என்று அம்மா திட்டுகிறார். எனக்குப் பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி நாய்வாத்தியார்:

தம்பி, பதினெட்டு வருடமாக நாய் பழக்குகிறேன். அதில் ஏழெட்டுப் படங்களுக்கும் போயிருக்கிறேன். அடுத்த வாரம் என்றதுமே எனக்கு இடித்தது. விலங்குகளை நடிக்க வைக்க 2001-இல் மத்திய அரசு போட்ட பதிவு விதிகள் இருக்கின்றன. எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். நாய்க்கு என்ன வயது, என்ன செய்யப்போகிறது, எப்படிப் பழக்கினீர்கள், இந்தக் காட்சிக்கு நாய் எதற்கு என்பது வரை எழுதித் தர வேண்டும். கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள். எல்லாம் விலங்குகள் நல வாரியத்துக்குப் போகும். முன்பு சென்னையில் இருந்தது, இப்போது அரியானாவில். அவர்கள் கடிதம் இல்லாமல் சென்சாரில் படம் மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் மேனேஜரிடம் "வாரியத்துக்கு எழுதிப் போட்டாச்சா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

சரி, காட்சிக்கு வருவோம். காத்திருப்பது சுலபம். ஒரு கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் நான்கு காலும் பட்டால் ஒரு துண்டு கோழி ஈரல். இரண்டு நாளில் சாக்கைப் பார்த்தாலே ஏறி நிற்கும். அப்புறம் தினமும் சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை அளவுக்கு வந்ததும் அதன்மேல் சருகு போட்டு மறைத்தால், கேமராவுக்குத் தெரியாது, செவலைக்குத் தெரியும். பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். அந்த ஏக்கப் பார்வைக்கு நீங்கள் கேமராவுக்குப் பக்கத்தில் மடியில் ஈரல் டப்பாவோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான். தியேட்டரில் ஜனம் அழும். அது பார்ப்பது ஈரலை.

நொண்டுவதற்கு ஒரு கெட்ட வழி உண்டு. காலில் தூண்டில் நரம்பைக் கட்டிவிடுவார்கள். கட்ட வந்தால் அப்போதே நாயை வண்டியில் ஏற்றிவிடுங்கள். "கை கொடு" தெரியும் என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்கலாம். கை கொடுத்தபடி இரண்டு நொடி, ஐந்து நொடி, அப்புறம் தூக்கிய காலோடு ஒரு அடி. காலில் தளர்வாக ஒரு துணிக்கட்டுப் போட்டாலே பல நாய்கள் தானாகத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஐந்தாறு அடி போதும், மீதியை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.

வெடி மட்டும் கூடவே கூடாது. நாய்க்குப் பக்கத்தில் வேண்டுமென்றே திடீர்ச் சத்தம் எழுப்பக் கூடாது, நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. சத்தத்தை டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எட்டு வருடத்துக்கு முன் இதே மலையில் ஒரு படம். வெடி கிடையாது என்று பேசித்தான் என் நாய் ராமுவைக் கொண்டுபோனேன். மூன்று டேக் ஓடியது. இயற்கையாக மிரளவில்லை என்று யாருக்கோ குறை. நாலாவது டேக்கில் என்னிடம் சொல்லாமல் பின்னால் ஒரு அணுகுண்டைக் கொளுத்திவிட்டார்கள். ராமு கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடியவன்தான். சில்வர் ஓக் மரத்துக்கு மரம் டார்ச் அடித்து இரவு முழுக்கத் தேடினேன். யூனிட் ஆறு மணிக்கே பேக்கப். விடியற்காலையில், வீட்டில் ரஸ்க் போட்டு வைக்கும் எவர்சில்வர் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே போனபோது ஒரு மிளகுக்கொடி மரத்தடியில் முனகல் கேட்டது. பாதம் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. அன்றிலிருந்து மார்புப் பட்டையும் முப்பதடி மெல்லிய கயிறும் இல்லாமல் எந்த நாயையும் கேமரா முன் விடுவதில்லை. கயிறைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளட்டும்.

எடிட்டிங் மேசை:

நான் சேலம் ஐந்து ரோட்டில் எடிட்டிங், கிராபிக்ஸ் வேலை செய்கிறேன். பஸ்ஸும் நாயும் ஒரே நேரத்தில் ரோட்டில் இருக்கவே தேவையில்லை. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் பூட்டிவிட்டு முதலில் நாயை மட்டும் ஓடவிட்டு எடுப்போம். நாயை வண்டியில் ஏற்றிய பிறகு பஸ்ஸை மட்டும் விடுவோம். இரண்டையும் ஒட்டினால் ஒரு அடி இடைவெளியில் தப்பித்த மாதிரி இருக்கும். இதில் வில்லன் ஏற்காட்டுப் பனிமூட்டம்தான். நாயை எடுத்து முடித்து பஸ் திரும்பி வருவதற்குள் மூடிவிடும், அப்புறம் இரண்டும் ஒட்டாது. ஒரு தடவை அதற்காகவே மூன்று மணி நேரம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரமெல்லாம் நாய் வண்டியில் தூங்கியது. எங்களில் அதற்குத்தான் நல்ல சம்பளம்.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

நாய்வாத்தியார் எழுதியதோடு இரண்டு மூன்று சேர்க்கிறேன். செத்த மாதிரி படுக்க வேண்டும், லேசாக ஒரு ஊசி போடுங்கள் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நடிப்புக்காக மயக்க மருந்து கொடுக்க அந்த விதிகளில் இடமே இல்லை. அந்த மருந்துகளில் பல இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ளவும் நாயால் முடியாது. வெயிலில் கிடத்தினால் நிஜமாகவே போய்விடும்.

காயத்துக்கு இரத்தம் பூசுவார்கள். எதில் செய்தது என்று கேளுங்கள், நாய் நக்காமல் விடாது. சாக்லேட் சிரப் கலந்திருந்தால் அது நாய்க்கு விஷம். மலை குளிராகத்தான் இருக்கும், ஆனாலும் மதியத் தார் ரோடு கொதிக்கும். உங்கள் புறங்கையை ஏழு நொடி ரோட்டில் வைக்க முடியவில்லை என்றால் அங்கே நாயும் நிற்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வயிறு நிறையச் சோறு போட்டு ஏற்றாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் தடுப்பூசித் தேதிகளையும் பார்த்துவிடுங்கள். தோட்டத்தில் உண்ணி அதிகம், திரும்பியதும் காது மடலையும் விரலிடுக்கையும் தடவிப் பாருங்கள்.

மலையடிவாரம்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஏற்காடு ரோட்டில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் காலத்துக் குதிரைச் சண்டைகள்தான் ஞாபகம் வரும். அப்போது கம்பி கட்டித்தான் குதிரையை விழ வைப்பார்களாமே?

அஸ்தம்பட்டி நாய்வாத்தியார்:

இங்கே எப்படி எடுத்தார்கள் என்று நான் பார்த்ததில்லை, அதனால் பேச மாட்டேன். ஹாலிவுட்டில் அப்படித்தான் செய்தார்கள். 1939-இல் ஒரு படத்துக்காகக் குதிரையைப் பாறையிலிருந்து தண்ணீரில் குதிக்க வைத்துக் கொன்றார்கள். அந்தக் கூச்சலில்தான் அடுத்த வருடமே அங்கே கண்காணிப்பு வந்தது. நம் விதிகளிலும் இடறும் கம்பி, குழி இரண்டுக்கும் தடை இருக்கிறது.

கன்னங்குறிச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மேனேஜரிடம் கேட்டேன். வாரியத்துக்கு இன்னும் எழுதவே இல்லையாம், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். வெடி கிடையாது, கயிறு உண்டு, நாய்க்குக் கட்டளை நான் மட்டும்தான் கொடுப்பேன் என்று சொன்னேன். இயக்குநரைக் கேட்டுச் சொல்வதாகப் போனார், நாலு நாளாகப் போன் இல்லை. அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஆனாலும் சாக்குப் பழக்கத்தை ஆரம்பித்துவிட்டேன். முதல் நாளே செவலை ஈரலைத் தின்றுவிட்டு, சாக்கைக் கவ்விக்கொண்டு கொல்லைக்குப் போய் அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டது. என்ன செய்வது?

அஸ்தம்பட்டி நாய்வாத்தியார்:

நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். சோறு போடுவதற்கு முன் பழக்குங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.